எட்டுக் கம்பியில் நாலைக் காணோம்!

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் என் அண்ணன் வீடு. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஆறு தையல் மெஷின்கள் ஓடுகின்றன. கம்பெனியிலிருந்து டிசைன் படமும் அளவுப் பட்டியலும் இணையத்தில்தான் வரும். பெரியவன் கல்லூரிப் பாடத்தை லேப்டாப்பில் பார்ப்பான். சின்னவள் ஏழாம் வகுப்பு. எல்லோருக்கும் போதும் என்று வினாடிக்கு 300 மெகாபிட் வேகம் தரும் ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தார்கள்.

ஆனால் வேகத்தை அளந்து பார்த்தால் 94. காலையில் 94, இரவில் 93, மறுநாள் மறுபடியும் 94. பழைய ரூட்டர்தான் காரணம் என்று நினைத்து அண்ணன் புது ரூட்டர் வாங்கி மாட்டினார். அன்று சாயங்காலம் சின்னவள் எனக்குப் போன் செய்தாள்.

“சித்தப்பா, புது ரூட்டர் மாட்டியும் அதே 94 தானுங்க வருது. கூடறதுமில்ல, குறையறதுமில்ல. ஏனுங்க?”

அவள் நல்ல கேள்வி கேட்டிருந்தாள். பலரும் “ஏன் மெதுவா இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். அவளோ, ஏன் எப்போதும் ஒரே எண் என்று கேட்டாள். ஓர் எண் அசையாமல் நிற்கிறது என்றால் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

“நான் வர்றேன் கண்ணு. அதுக்குள்ள ஒரு வேலை செய். தெருவுல இருந்து உன் அப்பா போன் வரைக்கும் நெட் எந்தெந்த வழியா வருதுன்னு ஒரு தாள்ல படம் போட்டு வை” என்றேன்.

நான் போனபோது படம் தயாராக இருந்தது. தெருக் கம்பத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கேபிள். அது வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டி. அங்கிருந்து ரூட்டருக்கு ஒரு குட்டிக் கேபிள். பிறகு ரூட்டர். அதன்பின் காற்று. கடைசியில் போன்.

ஒரு டேபிள் பின்தங்கினால்…

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு டி-ஷர்ட் எப்படி உருவாகிறது? கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒரு மணி நேரத்தில் ஓவர்லாக்கில் 300 பீஸ் முடிகிறது, பிளாட்லாக்கில் 94 தான் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங்குக்கு எத்தனை பீஸ் வரும்? 94 தான் வரும். அயர்னிங்கில் எத்தனை புது அயர்ன் பாக்ஸ் வாங்கி வைத்தாலும் 95-ஆவது பீஸ் வராது. சூப்பர்வைசர் என்ன செய்வார்? லைன் முழுக்க நடந்து, கட்டு எங்கே குவிந்து கிடக்கிறது என்று பார்ப்பார். சிக்கல் அங்கேதான்.

இணையமும் அப்படி ஒரு லைன். நாங்களும் சின்னவள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தோம்.

முதல் சந்தேகம்: கண்ணாடி நூல்

அந்தக் கறுப்புக் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதன் குறுக்களவு 0.125 மில்லிமீட்டர். பனியன் துணி பின்ன எடுக்கும் 30-ஆம் நம்பர் நூல் ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது நம் ஊர் நூலைவிடவும் மெலிந்த கண்ணாடி அது! அதிலும் நடுப்பகுதியில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தண்டு வழியாகத்தான் ஒளி போகிறது. ஒளி வெளியே கசியாமல் இருப்பது எப்படி? நடுத் தண்டும் அதைச் சுற்றிய உறையும் சற்றே வேறுபட்ட கண்ணாடிகள். ஒளி மிகவும் சாய்வாகப் போய் உறையைத் தொடும்போது, வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இதை முழு அக எதிரொளிப்பு என்பார்கள்.

1854-இல் லண்டனில் ஜான் டிண்டால் என்ற அறிவியலாளர், வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளியும் வளைந்து போவதை மக்கள் முன் செய்து காட்டினார். நூறு ஆண்டுகள் கழித்து, 1954-இல், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியாக ஒரு படத்தையே அனுப்ப முடியும் என்று எழுதினார். ஆனால் நெடுந்தூரம் அனுப்ப முடியவில்லை. அன்றைய இழையில் 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காக மங்கிவிடும்.

இதற்குக் காரணம் கண்ணாடியில் கலந்திருக்கும் அழுக்குகள்தான், அவற்றை நீக்கினால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் போகும் என்று 1966-இல் சொன்னவர் சார்ல்ஸ் காவ். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படி ஓர் இழையைச் செய்தும் காட்டியது. இன்றைய நல்ல இழையில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிச்சமிருக்கும். காவுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது 2009-இல். நம் திருப்பூர் தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான்.

இந்த இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியாது. நூற்பாலையில் நூல் அறுந்தால், இரண்டு முனைகளையும் காற்றடித்துப் பின்னி, முடிச்சே தெரியாமல் இணைக்கும் மெஷின் உண்டு. அதை ஸ்ப்ளைசிங் என்பார்கள். கண்ணாடி இழையை இணைப்பவர்களும் ஸ்ப்ளைசிங் என்றே சொல்கிறார்கள். அவர்கள் இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். தெருக் கம்பங்களில் கேபிள் வளையம் வளையமாகச் சுற்றித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு எங்காவது அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்காக விட்டுவைத்த மிச்சம் அது.

முறைத் தண்ணீர் போல

“எல்லா வீட்டுக்கும் தனித்தனி இழையா வருது சித்தப்பா?” என்று கேட்டாள்.

இல்லை. இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை வழியில் ஒரு சிறு பிரிப்பானில் 32 வீடுகளுக்கும், சில இடங்களில் 64 வீடுகளுக்கும் பிரிகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம். 32 வீடுகளுக்கும் ஒரே ஒளிதான் போகிறது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன் பெயருக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களுடையது பூட்டிய கடிதம் போல வருவதால் அதைப் படிக்க முடியாது.

திருப்பி அனுப்பும்போது 32 வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் எல்லாம் கலந்துவிடுமே? அதற்கு நம் மாவட்டத்து விவசாயிகளுக்குத் தெரிந்த வழிதான். திருமூர்த்தி அணையிலிருந்து பி.ஏ.பி. வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் அல்லவா? அதுபோல, இன்ன பெட்டி இன்ன நேரத்தில் பேச வேண்டும் என்று நிலையம் முறை வைக்கிறது. வாய்க்காலில் முறை வருவதற்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே முறை கண் இமைப்பதற்குள் வந்துவிடும்.

வருகிற ஒளியும் போகிற ஒளியும் ஒரே இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. வருவதன் அலைநீளம் 1490 நானோமீட்டர், போவது 1310. வேறு வேறு நிறம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். அது லேசர் ஒளி. கழற்றிய இழையின் முனையை ஒருபோதும் கண்ணருகே பிடித்துப் பார்க்காதீர்கள். ஒடிந்த இழைத் துண்டையும் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கண்ணாடி முள், தோலில் ஏறிவிடும்.

இழை நன்றாக இருக்கிறதா என்று வெள்ளைப் பெட்டியின் விளக்குகளே சொல்லிவிடும். ‘பான்’ என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி வருகிறது. ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. அண்ணன் வீட்டில் பச்சை நிலைத்து எரிந்தது, சிவப்பு இல்லை. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஓர் இழை வினாடிக்கு 2,488 மெகாபிட் கொண்டுவரும். எனவே இழை மேல் குற்றமில்லை.

இரண்டாவது சந்தேகம்: வெள்ளைப் பெட்டி

ஒளியை மின்துடிப்பாக மாற்றுவது இந்தப் பெட்டியின் வேலை. ஓ.என்.டி. என்பார்கள். அண்ணன் வீட்டுப் பெட்டிக்குள் சின்ன ரூட்டர் ஒன்றும் இருந்தது. என் பையிலிருந்த கேபிளை எடுத்து லேப்டாப்பை நேராக இந்தப் பெட்டியில் இணைத்தேன். வேகம் 291!

“அப்ப இது வரைக்கும் எல்லாம் சரிங்க” என்று சின்னவள் படத்தில் இரண்டு இடங்களில் சரி போட்டாள்.

மிச்சம் குட்டிக் கேபிள், ரூட்டர், காற்று. புது ரூட்டரைத் திருப்பிப் பார்த்தோம். அதன் துளைகள் 1000 மெகாபிட் வரை தாங்கும் என்று போட்டிருந்தது. அதுவும் சரி.

சின்னவளின் அம்மா செக்கிங் வேலை பார்த்தவர். பீஸை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் என்று கண்டுபிடிப்பதை மகளும் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவள். அவள் அந்தக் குட்டிக் கேபிளைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முனையில் இருக்கும் ஜாக் கண்ணாடி போல உள்ளே தெரியும்படி இருக்கும். என் கேபிளின் ஜாக்கையும் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“சித்தப்பா! உங்க கேபிள்ல எட்டுக் கம்பி இருக்குது. இதுல நாலைக் காணோமுங்க!”

உண்மைதான். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இருந்தன. நீலமும் பழுப்பும் இருக்க வேண்டிய இடம் காலி. பழைய ரூட்டரோடு வந்த கேபிளைப் புது ரூட்டருக்கும் மாட்டியிருந்தார்கள்.

94-இன் ரகசியம்

வேகம் 1000 மெகாபிட் வேண்டுமென்றால் நான்கு ஜோடிகளும் தேவை. ஒவ்வொரு ஜோடியும் 250 மெகாபிட் சுமக்கும். இரண்டு ஜோடிதான் இருக்கிறது என்றால், இரு முனைக் கருவிகளும் 100 மெகாபிட் முறைக்கு இறங்கி, இணைப்பை அறுக்காமல் வேலையை ஓட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரி, 100 வர வேண்டியதுதானே? ஏன் 94? பேக்கிங் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு மட்டும் கப்பல் ஏறுவதில்லை. அட்டைப் பெட்டி, முகவரி, உள்ளே இருப்பதன் பட்டியல் எல்லாம் சேர்ந்துதான் ஏறுகின்றன. இணையத்திலும் தகவல் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகிறது. ஒவ்வொரு பொட்டலமும் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும். அதில் நாம் கேட்ட சரக்கு அதிகபட்சம் 1,460 பைட். மிச்சம் முகவரி, எண், சரிபார்ப்பு, அடுத்த பொட்டலத்துக்கு முன் விடும் இடைவெளி. 1,460-ஐ 1,538-ஆல் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள். 95-க்குச் சற்றுக் கீழே வரும். இன்னும் சில சிறு குறிப்புகளும் சேர்ந்தால் 94! உங்கள் வீட்டிலும் எப்போது அளந்தாலும் 94 என்று நின்றால், எங்கோ ஒரு 100 மெகாபிட் துளையோ, கம்பி குறைந்த கேபிளோ இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எட்டுக் கம்பிகள் ஏன் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கின்றன? பஞ்சுக்கு வலுத் தருவது முறுக்கு. முறுக்கைப் பிரித்தால் நூல் கையோடு வந்துவிடும். கம்பிக்கு முறுக்கு வேறொரு நன்மை செய்கிறது. பக்கத்தில் ஓடும் மோட்டார், மின்கம்பி எல்லாம் கேபிளில் வேண்டாத துடிப்புகளை எழுப்பும். முறுக்கியிருந்தால் இரண்டு கம்பிகளிலும் அது ஏறத்தாழ ஒரே அளவாக எழும். கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்ப்பதால், பொதுவான தொல்லை கழிந்துபோகும். 1881-இல் தொலைபேசிக் கம்பிக்காக இந்த உத்திக்குக் காப்புரிமை வாங்கியவர் கிரகாம் பெல். கேபிளுக்குள் நான்கு ஜோடிகளின் முறுக்கும் நான்கு விதமாக இருக்கும். ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடிக்குக் கேட்டுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

புதுக் கேபிள் மாட்டினோம். ரூட்டரில் இணைத்த லேப்டாப்பில் 290 வந்தது. அண்ணன் முகத்தில் நிம்மதி.

கடைசி வழி: காற்று

ஆனால் பின்னறையில் போனில் அளந்தால் 35 தான். ரூட்டர் எங்கே இருந்தது தெரியுமா? முன்னறை மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால்!

வைஃபை என்பது ரேடியோ அலை. பெரும்பாலான ரூட்டர்கள் இரண்டு வகை அலைகளை அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இது சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும், வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் இதே அலைவரிசையில் பேசுவதால் நெரிசலும் அதிகம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் இந்த நெரிசல் நன்றாகத் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். இது வேகமானது. ஆனால் சுவர்களில் சீக்கிரம் வலுவிழக்கும். கான்கிரீட்டும் தண்ணீரும் அலையை உறிஞ்சும். இரும்பு பீரோவும் தகரக் கூரையும் திருப்பி அடிக்கும்.

ரூட்டரை வீட்டின் நடுக்கூடத்துச் சுவரில் ஆள் உயரத்தில் மாட்டினோம். பின்னறையில் வேகம் 120 ஆனது. இதற்குச் செலவு ஓர் ஆணி.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புது ரூட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றைச் சொல்லுங்கள்.

முதலில், நிறுவனம் தந்த பெட்டியிலேயே ரூட்டர் இருக்கிறதா, அதுவே போதுமா என்று பாருங்கள். போதும் என்றால் செலவே இல்லை.

அடுத்தது துளைகள். 100 மெகாபிட்டுக்கு மேல் வேகம் வாங்கியிருந்தால் எல்லாத் துளைகளும் 1000 மெகாபிட் தாங்க வேண்டும். அட்டைப் பெட்டியின் முகப்பில் 1200, 1800 என்று போட்டிருப்பது இரண்டு அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிய எண். ஒரு போனுக்கு அவ்வளவு வராது.

மூன்றாவது, இரண்டு அலைவரிசைகளும் இருக்க வேண்டும். வைஃபை 5, 6, 7 என்பவை தலைமுறை எண்கள். போன், டிவி, கேமரா என்று பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டுக்கு 6 நல்லது. ஆனால் போனும் அந்தத் தலைமுறையாக இருந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஆன்டெனா எத்தனை என்று எண்ணி வாங்காதீர்கள். மாடி வீடு என்றால், மேலே ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது ரூட்டர் வைப்பதுதான் உறுதியான வழி.

இணைக்கும்போது வெள்ளைப் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ரூட்டரின் ‘வான்’ என்ற துளைக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ரூட்டர் கம்பெனி வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை மாற்றுவது. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு குறிப்பு. தையல் நடக்கும் வீட்டில் பஞ்சுத் தூசி ரூட்டரின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். சூடு ஏறினால் கருவி திணறும். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கரண்ட் போகும்போது ரூட்டருக்கு மட்டும் பேட்டரி வைத்தால் போதாது. வெள்ளைப் பெட்டிக்கும் வைக்க வேண்டும். லைனில் ஒரு மெஷின் நின்றாலும் பேக்கிங்குக்குச் சரக்கு வராதே!

செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடியை ஒட்டி ஆணியால் சிறு துளை போடுங்கள். விரலால் துளையை மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். அறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துக்கொண்டே விரலை எடுங்கள். வளைந்து விழும் தண்ணீரைக் கையில் ஏந்தினால் உள்ளங்கையில் வெளிச்சம் விழும். டிண்டால் காட்டியது இதைத்தான். உங்கள் வீட்டுக்கு வரும் கண்ணாடி நூலிலும் இதேதான் நடக்கிறது.

அடுத்து ஒரு நோட்டு எடுங்கள். ஒவ்வோர் அறையிலும் காலை, மாலை, இரவு என மூன்று முறை வேகத்தை அளந்து அட்டவணை போடுங்கள். அளவி காட்டுவது மெகாபிட் என்பதை மறக்காதீர்கள். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 300 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 37.5 மெகாபைட்தான் இறங்கும். பெரியவர்கள் பலருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

சின்னவள் வரைந்த அந்தத் தாளை அண்ணன் ரூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு படம் போடுங்கள். வேகம் குறைந்தால் கடைக்குப் போகுமுன், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இடத்திலிருந்து ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். கட்டு எங்கே குவிந்து கிடக்கிறது என்பதை உங்கள் கண்ணே காட்டிக் கொடுக்கும்.